வீட்டுப் பள்ளிக்கு நானே பிரின்சிபால்

ஏப்ரல் 26, வெள்ளி

தென்றலின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. மற்றவர்களுக்கெல்லாம் பத்து நிமிடம், எங்களுக்கு மட்டும் முக்கால் மணி நேரம். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கவனம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். பொய் சொல்லவில்லை.

வகுப்பு ஆசிரியை ஒரு நோட்டைத் திறந்து வாசித்தார். "கணக்கை எல்லாருக்கும் முன்னாடி முடிச்சிடறா மேடம். முடிச்சிட்டுச் சும்மா இருக்கறதில்ல, பக்கத்துல நாலு பேருக்கும் போட்டுக் கொடுத்திடறா. நவம்பர் ஏழாம் தேதி பெஞ்ச் மேல ஏறி, ஃபேனுக்கு ஏன் மூணு றெக்கை, நாலு வெச்சா என்னாகும்னு கேட்டா. டிசம்பர்ல தண்ணி குடிக்கப் போறேன்னு போய், வாட்ச்மேன்கிட்ட மணியடிக்கக் கத்துக்கிட்டா. அன்னிக்கு மூணாவது பீரியட் இருபது நிமிஷம்தான் நடந்துச்சு."

என் கணவர் மோகன் சிரிப்பை அடக்குவதற்காக மேசை மேலிருந்த பிளாஸ்டிக் பூச்செடியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆறு வயதுப் பெண்ணுக்கு இப்படி ஒரு குற்றப் பட்டியல்! தென்றல் என்று பெயர் வைத்தபோது எங்களுக்கு வானிலை அறிவு போதவில்லை.

"அதனால இப்பல்லாம் வெளிய வராண்டாவுல உட்கார வெச்சிடறோம். அவளுக்கும் நிம்மதி, கிளாஸுக்கும் நிம்மதி."

"எப்பலேருந்து?"

"ஜனவரியிலேருந்து மேடம்."

மோகனின் சிரிப்பு போய்விட்டது. நான்கு மாதம். ஒரு நாள்கூட அவள் வீட்டில் சொல்லவில்லை. வண்டியில் வரும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வராண்டாவுல அணில் வரும்மா. உள்ள வராது" என்றாள்.

ஏப்ரல் 30, செவ்வாய்

எங்கள் பாலிடெக்னிக் கல்லூரியில் சிவில் துறைக் கூட்டம். மூன்றாம் ஆண்டில் பதினொரு மாணவர்கள், இரண்டாம் ஆண்டில் ஆறு, முதலாம் ஆண்டில் மூன்று. ஆசிரியர்கள் எட்டுப் பேர். கட்டுவது எப்படி என்று பதினொரு வருடமாக நடத்துகிறேன். இடிவதைப் பற்றி எங்கள் சிலபஸில் ஒரு பாடமும் இல்லை.

பிறகு முதல்வர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். நல்ல மனிதர். காபி வரவழைத்துக் கொடுத்தார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வரும் வழியில், துடியலூர் சிக்னலில் நிற்கும்போது ஒரு முடிவெடுத்தேன். தென்றலை இனி எந்த வராண்டாவுக்கும் அனுப்பப் போவதில்லை. வீட்டிலேயே வைத்து நானே படிக்க வைக்கப் போகிறேன். அதற்காக வேலையை விடுகிறேன்.

மோகனிடம் சொன்னபோது அவர் தட்டிலிருந்த தோசையை மறந்துவிட்டார். "பதினோரு வருச சர்வீஸ், சுபா."

"குழந்தையை விட சர்வீஸ் பெருசா?" என்றேன். சொன்னதும் அந்த வாக்கியம் எனக்கே பிடித்துப்போயிற்று. இன்னொரு முறையும் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது.

மே 5, ஞாயிறு

மோகனின் அக்கா பூங்கொடி அண்ணி வீட்டில் மதிய விருந்து. மோகன் எல்லோர் முன்னாலும் என் தியாகத்தை அறிவித்தார். பம்ப் செட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவருக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது. பாயசம் பரிமாறும் வரைக்கும் நான் தியாகியாகவே உட்கார்ந்திருந்தேன். முதுகு வலித்தது.

அண்ணிக்கு மட்டும் கண் கலங்கவில்லை. "ஏம்மா சுபா, ஊர்ல எல்லாரும் புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வேலைக்குப் போறாங்க. நீ வேலையையும் விட்டுட்டே, ஸ்கூலையும் நிறுத்திட்டே. அப்ப காலைல எந்திரிச்சு யாருதான் எங்க போவீங்க?"

கல்வி பற்றிய புரிதல் இல்லாதவர்களிடம் விவாதிக்கக் கூடாது என்று புத்தகங்களில் போட்டிருக்கிறது. இன்னொரு கரண்டி பாயசம் கேட்டேன்.

மே 8, புதன்

வினோதினி போன் செய்தாள். துறையில் என் பக்கத்து மேசை. "எனக்கும் இன்னிக்கு லெட்டர் குடுத்துட்டாங்கடி. உனக்குக் குடுத்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று அழுதாள். பால்கனிக்குப் போய் நின்று அரைமணி நேரம் ஆறுதல் சொன்னேன். நானும் கொஞ்சம் அழுதேன், அவளுக்காக. நல்ல வெயில். பூந்தொட்டி மண்ணைக் கிளறி மண்புழு தேடிக்கொண்டிருந்த தென்றல் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். இந்த வயதில் என்ன ஒரு கவனக் குவிப்பு!

ஜூன் 10, திங்கள்

ஊரெல்லாம் பள்ளி திறந்தது, எங்கள் வீட்டிலும் திறந்தது. ஹாலின் கிழக்குச் சுவரில் கால அட்டவணை ஒட்டியிருக்கிறேன். ஏழு பாடவேளை, ஏழு நிறம். எட்டரை மணிக்குப் பிரேயர். மாணவர்கள் அனைவரும் வந்திருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன். பத்தேகாலுக்கு ஜூலை மாதப் பாடம் வரை முடித்துவிட்டு, "அடுத்து என்னம்மா?" என்று சோபாவின் சாய்மானத்தில் குதிரையேறி உட்கார்ந்திருந்தாள். அடுத்து என்ன என்று பிரின்சிபாலுக்கும் தெரியவில்லை. இன்டர்வெல் விட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

அட்டவணையைக் கிழித்துவிட்டேன். கிழித்த காகிதத்தோடு பழைய செய்தித்தாள்களையும் சுருட்டிச் சுருட்டி இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பாலம் கட்டினோம். இட்லிப் பாத்திரத்தைத் தாங்கியது. மாவு டப்பாவையும் தாங்கியது. குக்கரை வைத்ததும் மடாரென்று விழுந்தது.

"எந்த எடத்துல முதல்ல ஒடஞ்சுதும்மா? இன்னொருக்கா கட்டிப் பாக்கலாமா?"

மூன்று முறை கட்டினோம். எங்கே இழுபடுகிறது, எங்கே நசுங்குகிறது என்று விரலை வைத்துக் காட்டினேன். மூன்றாவது பாலத்தில் அவளே நடுவில் குறுக்குக் கட்டை கொடுத்தாள். குக்கர் நின்றது. நாங்கள் இருவரும் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார்.

பதினொரு வருடத்தில் ஒரு மாணவன்கூட ஏன் விழுந்தது என்று என்னிடம் கேட்டதில்லை. எத்தனை மார்க்குக்கு வரும் என்றுதான் கேட்பார்கள். இன்று சாயங்காலம் வரைக்கும் எனக்குக் கால் தரையில் படவில்லை. கிண்டலுக்காக எழுதவில்லை.

ஜூன் 19, புதன்

எப்போதும் பாலம் கட்டிக்கொண்டிருக்க முடியாது. இன்று தமிழ்க் கட்டுரை எழுதச் சொன்னேன். பேனாவைக் கழற்றி ஸ்பிரிங் எடுத்து எறிந்து விளையாடினாள். நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் பால்கனியில் போய் உட்காரச் சொன்னேன்.

அது வேறு, இது வேறு. எங்கள் பால்கனியில் காற்று வரும்.

ஜூன் 27, வியாழன்

வீட்டில் படிக்கும் குழந்தைகளுக்கு நாலு பேரோடு பழகத் தெரியாது என்று பூங்கொடி அண்ணி போனில் கவலைப்பட்டார். தவறான தகவல். தென்றலுக்குத் தண்ணீர் கேன் போடுபவரின் சொந்த ஊர், கூரியர்காரரின் குழந்தைகள் பெயர், இஸ்திரி வண்டிக்கார அக்காவின் முழங்கால் வலி எல்லாமே தெரியும். நாலு மணிக்கு அப்பார்ட்மெண்ட் வாசலில் போய் நிற்பாள். எந்தப் பள்ளி வேன் எத்தனை மணிக்கு வருகிறது, அதில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று என்னிடம் வந்து ஒப்பிப்பாள். வந்த குழந்தைகள் டியூஷனுக்குப் போய்விடுவார்கள். அவள் மேலே வந்துவிடுவாள்.

மோகன் கம்பெனியில் ஒருவர் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு, "உங்க வீட்டம்மா மாதிரி பத்துப் பேர் இருந்தா போதும் சார்" என்றாராம். மோகன் வந்து சொல்லிவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தார். நான் கேஸ் அடுப்பைத் துடைத்தேன். நன்றாகத்தான் இருந்தது, இருந்தாலும் துடைத்தேன்.

ஜூலை 4, வியாழன்

பிரின்சிபாலுக்கு உடல்நிலை சரியில்லை. தலைவலி. பத்து மணிக்குப் படுத்தவள் ஒரு மணிக்குத்தான் எழுந்தேன். இந்த வாரத்தில் மூன்றாவது தலைவலி. பள்ளி தானாகவே நடந்திருந்தது: ஒரு பக்கம் கணக்கு, ஒரு பக்கம் காப்பி ரைட்டிங். எனக்குப் போர்வை போர்த்தி, தலைமாட்டில் சொம்பில் தண்ணீரும் வைத்திருந்தாள்.

"நீ படுத்துக்கோம்மா. நான் பாத்துக்கறேன்."

சுயசார்புக் கல்வி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று எழுத எதுவுமில்லை.

ஜூலை 11, வியாழன்

எழுத இருந்தது. செவ்வாய்க்கிழமை அந்த ஒரு வரியோடு நோட்டை மூடிவிட்டேன்.

அன்று பத்து மணிக்கு, பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து போன் வரவிருந்தது. நான்தான் விண்ணப்பம் போட்டிருந்தேன். அதை இந்த நோட்டில் எழுதவில்லை. தென்றலுக்கு ஒரு பக்கம் கணக்கு கொடுத்துவிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். சிவிலுக்கு இப்போது ஆள் எடுக்கவில்லை, கணினித் துறை என்றால் சொல்லுங்கள் என்று இருபது நிமிடம் மரியாதையாகச் சொன்னார்கள். அதன் பிறகும் நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வெளியே வந்தபோது பத்து ஐம்பது. வாசல் கதவு திறந்திருந்தது. தென்றல் இல்லை. அவள் செருப்பும் இல்லை.

மாடிக்கு ஓடினேன். கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு வண்டியின் கீழும் குனிந்து பார்த்தேன். அப்பார்ட்மெண்டின் தண்ணீர்த் தொட்டி மூடியை நானும் வாட்ச்மேனும் சேர்ந்து தூக்கினோம். உள்ளே இருட்டுத் தண்ணீரில் என் முகம் தெரிந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

தெருவில் என் கோலத்தைப் பார்த்துவிட்டு இஸ்திரி வண்டிக்கார அக்காதான் சொன்னார். "பாப்பாவைத் தேடறீங்களா? பையைப் போட்டுட்டு அந்தப் பக்கம் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துக்குப் போச்சுங்களே. நீங்கதான் அனுப்புனீங்கன்னு நெனச்சேன்."

அடுத்த தெருதான். எட்டு வருடமாக அந்த மஞ்சள் சுவரைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போனேன், ஒருநாளும் உள்ளே போனதில்லை. கேட்டிலிருந்தே அவளுடைய குரல் கேட்டது. இரண்டாம் வகுப்பில் பெஞ்ச் கிடையாது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து எழுத்து அட்டைகளை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டையின் நடுவில் என் மகள். ஒரு பெண் அவள் கையிலிருந்த அட்டையைப் பிடுங்க, இவள் விடாமல் இழுக்க, இரண்டு பேரும் மல்லாந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் ஜூன் மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் கேட்டிருக்கிறேன்.

தலைமையாசிரியை அமலோற்பவம் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் முதலில் தண்ணீர் கொடுத்தார். ஐம்பது வயதிருக்கும். "உக்காருங்க. பாப்பா பத்தேகாலுக்கு வந்துச்சு. ஃபோன் நம்பர் கேட்டா சொல்ல மாட்டேன்னுருச்சு. எந்த அப்பார்ட்மெண்ட்னு கண்டுபிடிச்சு இப்பத்தான் ஆயாவை அனுப்புனேன், வழியில பாக்கலீங்களா?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் கல்வி முறையை விளக்குவது என் கடமை என்று தோன்றியது. "நாங்க வீட்லயே வெச்சுப் படிக்க வைக்கிறோம் மேடம். அவளுக்காக நான் வேலையை…"

"தெரியுமுங்க. பாப்பா சொல்லுச்சு." அவர் எழுந்து கதவைப் பாதி சாத்தினார். "ஏன் கண்ணு பள்ளிக்கூடம் போறதில்லைன்னு கேட்டேன். 'எங்கம்மாவுக்கு வேலை போயிருச்சு. அப்பாவுக்குத் தெரியாது. தனியா இருந்தா அம்மா அழுவாங்க. அதனால நான் வீட்ல இருக்கேன்'னு சொல்லுச்சுங்க. இன்னிக்கு மட்டும் எப்படி வந்தேன்னு கேட்டேன். 'இன்னிக்கு அம்மா ஃபோன்ல பேசறாங்க. முடியறதுக்குள்ள போயிருவேன்'னுச்சு."

அறிவுரை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் பதிலுக்கு நக்கலாக ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கு அது கை வந்த கலை. அவர் மேசை மேலிருந்த வருகைப் பதிவேட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் அழுது முடிக்கும் வரைக்கும் திருப்பினார்.

தென்றல் என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்து எழுந்து நின்றாள். "சாரிம்மா. ஃபோன் முடிஞ்சிருச்சா? நீ அழுதியா?" அதைத்தான் முதலில் கேட்டாள்.

ஜூலை 12, வெள்ளி

இந்த நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். "வேலையை விடுகிறேன்" என்று ஏப்ரல் 30-ல் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டிலும் பொய். என் கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கிறது.

சரி. ஏப்ரல் 30-ல் முதல்வர் கொடுத்தது காபி மட்டுமல்ல. அந்த மாதத்தோடு என்னை நிறுத்துவதாகக் கடிதமும் கொடுத்தார். துடியலூர் சிக்னல் வந்தபோது, வீட்டில் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். தென்றலின் வராண்டா அப்போது ஞாபகம் வந்தது. வராண்டா உண்மை. என் கோபமும் உண்மை. ஆனால் அந்த வராண்டாவுக்காக நான் வேலையை விட்டிருப்பேனா? மாட்டேன். வேறு பள்ளி பார்த்திருப்பேன். மே 8-ல் நான் வினோதினியோடு போனில் பேசியதையெல்லாம், மண்புழு தேடியவள் கேட்டிருக்கிறாள்.

எழுதிவிட்டேன். இனி மோகனிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் காபி குடிக்கும்போது சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. கடிதம், பொள்ளாச்சி, தண்ணீர்த் தொட்டி, தென்றல் டீச்சரிடம் சொன்னது, எல்லாம்.

மோகன் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "யூனிட்ல பதினாலு பேருக்கு உன்னைப் பத்திச் சொல்லியிருக்கேன் சுபா. ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட உன்னைப் பாத்துக் கத்துக்கன்னு சொல்லப்போய், அவ சண்டை போட்டுட்டு அம்மா வீட்டுக்கே போயிட்டா" என்றார்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"வேலை போனது ஒண்ணுமில்ல. போனா போகுது. நம்ம புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. ஆறு வயசுப் புள்ள அதை ரெண்டு மாசமா மனசுல வெச்சிருந்திருக்கு. நீ எங்கிட்ட சொல்லியிருந்தா அது அவ தலையில ஏறியிருக்குமா?"

அவர் கீழே போய் வண்டியைத் துடைத்தார். இரண்டு மணி நேரம் துடைத்தார். அது சின்ன ஸ்கூட்டர்தான்.

ஜூலை 15, திங்கள்

மோகன் பேசவில்லை. "தென்றல், அம்மாகிட்ட உப்பு கேளு." தென்றல் என்னிடம் கேட்டாள், நான் தென்றலிடம் கொடுத்தேன். இன்றைய ஒரே பாடவேளை அதுதான்: தபால் துறை.

ஜூலை 16, செவ்வாய்

சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூடக் கேட்காததை அவளிடம் கேட்டேன். "உனக்கு எங்க படிக்கணும் தென்றல்?"

என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "நான் போயிட்டா நீ என்ன பண்ணுவ?"

"அது என் வேலை. நீ அதை யோசிக்க வேண்டாம்."

"அழ மாட்டியா?"

"அழுதாலும் அழுவேன். அழுதுட்டு முகம் கழுவிக்குவேன். பெரியவங்க அப்படித்தான்."

"அப்பாவுக்கு எல்லாம் தெரியுமா?"

"தெரியும் கண்ணு" என்றார் மோகன்.

அவள் தோள் இரண்டும் கீழே இறங்கின. அவை இவ்வளவு நாளாக உயர்ந்திருந்தன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப அந்தப் பள்ளிக்கூடம். அங்க சண்டை போடலாம். உங்கூடச் சண்டையே போட முடியலம்மா, நீ டக்குனு பாவமா ஆயிடற."

மோகன் சிரித்துவிட்டார். இரண்டு நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாலம் மட்டும் வீட்ல கட்டலாம்" என்றாள் தென்றல், பேரம் பேசுகிறவளைப் போல. ஒப்புக்கொண்டேன்.

பூங்கொடி அண்ணியிடம் மோகன்தான் போனில் சொன்னார், என் வேலை போனதையும் சேர்த்து. "நான் அன்னிக்கே கேட்டனே" என்று ஆரம்பிப்பார் என்று காதை மூடத் தயாராக இருந்தேன். "போனை சுபாகிட்ட குடு" என்றார். "ஏம்மா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல? சாப்பிட்டியா?" என்றார்.

இரண்டரை மாதமாக அந்த அம்மாளை இந்த நோட்டில் நன்றாகக் கிழித்திருக்கிறேன்.

ஜூலை 18, வியாழன்

சேர்க்கைக்குப் பிறந்த சான்றிதழும் ஆதாரும் கொண்டுபோனோம். "உட்கார மாட்டா மேடம், ஓடிக்கிட்டே இருப்பா, கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

"முப்பத்திரண்டு புள்ளைகள்ல உக்காந்த இடத்துல உக்காரறது ரெண்டுதானுங்க" என்றார் அமலோற்பவம் டீச்சர். "அந்த ரெண்டையும் பத்தித்தான் எனக்குக் கவலை."

இங்கேயும் ஏதாவது ஒருநாள் என்னைக் கூப்பிட்டு நோட்டை வாசிக்கலாம். வாசிக்கட்டும். தென்றல் வகுப்பு வாசலில் என் கையை உதறிவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அது எப்படி இருந்தது என்று எழுத வேண்டுமென்றால், வலித்தது.

பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். ஹாலில் நாற்காலிகள் இருந்தன. கொஞ்ச நேரம் அழுதேன். முகம் கழுவினேன். வினோதினிக்குப் போன் செய்து, நீ எங்கெங்கே விண்ணப்பம் போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வரைபடம் சரிபார்க்க ஆள் கேட்கிறார்களாம். பதினொரு வருடமாகச் சொல்லிக் கொடுத்தேனே தவிர, ஒரு நிஜக் கட்டடத்துக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. பயமாக இருந்தது. மூன்று மணிக்கு விண்ணப்பத்தை அனுப்பினேன்.

நாலு பத்துக்குத் தென்றல் வந்தாள். பாவாடையில் மண், முட்டியில் சிராய்ப்பு. என்ன நடந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ என்ன பண்ண? சொல்லு."

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். "முதல்ல கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் முகம் கழுவிட்டு…"

"சரிம்மா, சரிம்மா. எங்க கிளாஸ் தமிழ்ச்செல்வி கீழ நிக்கறா!"

பையைச் சோபாவில் எறிந்துவிட்டு ஓடிவிட்டாள். படியில் அவள் இறங்கும் சத்தம் மூன்றாம் மாடியிலிருந்து தரைவரைக்கும் கேட்டது. மீதியை நான் யாரிடமும் சொல்லவில்லை.